பெட்டிக்குள் வண்டியா, பாகங்களா?

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷம் கழித்து இந்தப் பொங்கலுக்கு இருபது நாள் லீவில் வருகிறார். மகன் ஒன்பதாவது படிக்கிறான். அப்பாவிடம் அவன் கேட்டிருப்பது ஒரே ஒரு சாமான்தான், ரிமோட் கார். தேரோட்டக் கடையில் விற்கும் பொம்மை இல்லை, பெரியவர்கள் ஓட்டுகிற, பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தய வண்டி. அதில் இரண்டு வகை இருக்கிறதாம். பெட்டியைப் பிரித்ததும் ஓடுவது ஒன்று, பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்கிற கிட் ஒன்று.

கிட்தான் வாங்க வேண்டும், அதுதான் மூளையை வளர்க்கும், பின்னால் இன்ஜினியரிங் படிக்க உதவும் என்கிறார் என் அண்ணன். கணவரோ, "ஆசையாகக் கேட்கிற பிள்ளைக்கு ஆணியும் பிளாஸ்டிக்குமாகவா கொண்டுவந்து கொடுப்பது? நான் ஊரில் இருக்கும்போதே அவன் ஓட்டுவதைப் பார்க்க வேண்டாமா?" என்கிறார். மகன் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறான். பாதி பூட்டிய வண்டி பரண் மேல் போய்விடுமோ என்பது என் பயம். இந்த வண்டிகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன். எதை வாங்கிவரச் சொல்லட்டும்?

நீடாமங்கலம் வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கிட் வாங்கிவரச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் அண்ணன் சொல்கிற காரணத்துக்காக வேண்டாம். விளையாட்டுச் சாமானை இன்ஜினியரிங் சீட்டுக்கு முன்பணமாக நினைத்து வாங்கினால், பையன் அதைத் தொடும்போதெல்லாம் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் கூடுதல். அவர் ஊரில் இருக்கும்போதே ஓட வேண்டும் என்கிறார். அந்த ஆசையை மனதில் வைத்துத்தான் நானும் கிட் என்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிய முதல் வண்டி ஓடத் தயாராக வந்ததுதான். தபாலில் வந்த அன்று சாயங்காலமே களத்தில் விட்டேன். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். மூன்றாம் வாரம் ஒருநாள் விசையை அழுத்தினால் மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை. விற்ற கடைக்குப் போன் போட்டேன். "எந்தப் பார்ட் போயிருக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முழு வண்டியையும் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்ப மனசு வரவில்லை. ஒன்பது மாதம் அலமாரி மேலேயே கிடந்தது. பிறகு ஒரு மழைநாளில் துணிந்து கழற்றினேன். நான்கு திருகாணி, ஒரு மூடி, உள்ளே பல் மழுங்கிப்போன பிளாஸ்டிக் சக்கரம். அதன் பெயர் ஸ்பர் கியர். இருக்கிற பாகங்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. அந்தப் பெயர் தெரியாத குறைக்குத்தான் வண்டி ஒன்பது மாதம் படுத்துக் கிடந்தது.

சிங்கப்பூரில் இருப்பவர் பழுதான வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நிற்கலாம். நீடாமங்கலத்தில் எங்கே போவது? மன்னார்குடியிலோ திருவாரூரிலோ இந்த வண்டிக்கென்று கடை வைத்து யாரும் நடத்துவதை நான் பார்த்ததில்லை. பம்புசெட் மோட்டாருக்கு ஆள் கிடைப்பார், இதற்குக் கிடைக்க மாட்டார். ஆகவே நம் பக்கத்தில் எந்த வண்டி வாங்கினாலும் என்றைக்காவது ஒருநாள் அதை நாமேதான் கழற்றிப் பூட்டியாக வேண்டும். கிட் வாங்கினால் அந்த வேலை முதலிலேயே, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே நடந்துவிடும். மற்றதில் அவர் விமானம் ஏறிய மூன்றாவது வாரம், பையன் தனியாக இருக்கும்போது வந்து சேரும். இருபது நாள் லீவில் வருகிறவர் வீட்டுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் ஆரம்பமும் கிட்தான். ஜப்பானில் ஷிஸுவோகா ஊரின் டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் உட்கார்ந்து பூட்டித்தான் ஓட்டினார்கள். 1984-ல் அதே நிறுவனத்தின் ஹார்னெட் வந்தது. அதே வருஷம் அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட்டின் ஆர்சி10 வந்து, மறு வருஷமே மண்தரைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வாங்கியது. அவையும் கிட்தான். 1986-ல் தொடங்கிய டிராக்ஸஸ் போன்ற நிறுவனங்கள்தான் ஓடத் தயாரான வண்டியைப் பெருவழக்காக ஆக்கின. அந்தப் பக்கம் போனவர்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கேட்டிருந்தீர்களானால் நானே தயங்காமல் தயார் வண்டியைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் மகன் ஒன்பதாவது படிக்கிறவன். அவனால் முடியும்.

பருவமும் கிட்டுக்குச் சாதகமாகவே இருக்கிறது. பொங்கல் சமயத்தில் வண்டி விட உங்கள் ஊரில் இடம் ஏது? சம்பா நிற்கும், அல்லது அறுப்பு நடக்கும். ஆற்றில் தண்ணீர் இருக்கும், களத்தில் நெல் காயும். அறுத்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று பையன் இறங்கிவிடப் போகிறான், தடுத்துவிடுங்கள். தாளுக்கு நடுவே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். அதன்பிறகுதான், ஆறு மூன்றாகப் பிரிகிற உங்கள் ஊர் மூணாறு தலைப்புக்குக் கீழே வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் மெல்ல மெல்ல மணலாகும். தையில் பூட்டி, மாசியில் ஓட்டுவதுதான் நம் ஊருக்குப் பொருந்துகிற கணக்கு. முதல் ஓட்டத்தை அப்பா பார்க்கக் களத்தின் ஒரு மூலை போதும். முதல் தடவை பூட்டுகிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

பரண் பயத்துக்கு வருகிறேன். கிட் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை. ஒரு திருகாணி தொலையும், அல்லது ஒன்றின் மரை போய்விடும். அத்தோடு கை நின்றுவிடும். டாமியா கிட்டில் திருகாணிகள் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட உறைகளில் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துக் கொட்டிவிடக் கூடாது. அன்றைய உறையை மட்டும் ஒரு தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டுங்கள். கையேட்டில் ஒவ்வொரு திருகாணியையும் அசல் அளவிலேயே வரைந்திருப்பார்கள். 8 மில்லிமீட்டரா, 10 மில்லிமீட்டரா என்று சந்தேகம் வந்தால், எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே போதும்.

மரை விஷயத்தை நான் கற்றுக்கொண்டது ரிமோட் காரில் இல்லை, எங்கள் வீட்டு நாச்சியார்கோயில் குத்துவிளக்கில். கார்த்திகைக்கு முன்னால் அம்மா விளக்கைக் கழற்றிப் பிரபை, தகழி, தண்டு, அடிப்பாகம் என்று பிரித்துப் புளிபோட்டுத் தேய்ப்பார். திரும்பப் பூட்டும்போது எடுத்தவுடனே முறுக்க மாட்டார். முதலில் மெதுவாகப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஓரிடத்தில் 'டக்' என்று பாகம் இறங்கி உட்காரும். மரையும் மரையும் சந்தித்த இடம் அது. அதற்குப் பிறகுதான் முன்பக்கம் முறுக்குவார். கோணலாக ஏறிய பித்தளை மரையைக் கழற்ற அடுத்த கார்த்திகைக்கு ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும். வண்டியின் பிளாஸ்டிக்கில் திருகாணி தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும். அதைக் கழற்றி மறுபடி போடும்போது அம்மா செய்ததையே செய்ய வேண்டும். பின்பக்கம் சுற்றி, 'டக்' என்று உட்கார்ந்ததும் முன்பக்கம். இல்லாவிட்டால் புது மரை பழைய மரையை அறுத்துவிடும், பிறகு திருகாணி சும்மா சுற்றும். உங்கள் வீட்டிலும் விளக்கு இருக்குமே, வண்டி வருவதற்கு முன் மகனை அதில் ஒருமுறை கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.

திருப்புளியையும் அங்கேயே வாங்கிவரச் சொல்லுங்கள். டாமியாவின் கூட்டல் குறித் திருகாணிகள் ஜப்பான் அளவுக்கு வெட்டியவை. நம் ஊர்க் கடைத் திருப்புளி அதில் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையை மழுக்கிவிடும்.

இரண்டு இடங்களில் அப்பாவும் மகனும் அவசரப்படக் கூடாது. ஒன்று ஸ்டியரிங். சக்கரத்தைத் திருப்புகிற சிறு மோட்டாரின் பெயர் சர்வோ. அதன் கையைப் பூட்டுவதற்கு முன் ரிமோட்டையும் பேட்டரியையும் இணைத்து, சர்வோவை நடுநிலைக்கு வரவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டி, வண்டி ஒரே பக்கம் இழுக்க, முன்பக்கம் முழுவதையும் நான் மறுபடி பிரித்திருக்கிறேன். இன்னொன்று பல்சக்கரங்கள். மோட்டார் தண்டிலிருக்கும் பினியனும் ஸ்பர் கியரும் ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தளர்வாகவும் இருக்கக் கூடாது. மோட்டாரை நகர்த்திப் பூட்டுகிற மாதிரி அமைப்பு இருந்தால், பஸ் டிக்கெட் ஒன்றை நீளமாகக் கிழித்து இரண்டு பல்லுக்கும் நடுவே கொடுங்கள். மோட்டாரை நெருக்கித் திருகாணியை இறுக்கிய பிறகு சக்கரத்தைச் சுற்றினால் டிக்கெட் மடிப்பு மடிப்பாகக் கிழியாமல் வெளியே வரும். அந்த இடைவெளிதான் சரியான இடைவெளி. என் முதல் வண்டியின் ஸ்பர் கியர் போனதற்குக் காரணம், யாரோ பூட்டி அனுப்பியதை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காததுதான்.

ஷாக் அப்சார்பரில் சிலிக்கான் எண்ணெய் நிரப்பும் நாளில் பையனைத் தனியாக விடலாம். பொறுமை அதிகம் கேட்கிற, ஆனால் பார்க்கப் பார்க்க அழகான வேலை அது. எண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறிவரும். எல்லாம் வெளியேற நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் ஷாக் ஒருநேரம் கெட்டியாகவும் ஒருநேரம் தொளதொளவென்றும் வேலை செய்யும்.

எந்த கிட் என்றால், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற எளிய 'பக்கி' (buggy) வகை, அதாவது மண்தரையில் ஓட்டுகிற வண்டி. ஹார்னெட்டை டாமியா மறுபடியும் வெளியிட்டிருக்கிறது. அது அல்லது அதைப் போன்ற ஒன்று. பாகங்கள் குறைவு, கியர்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கும், நம் மணலுக்கு ஏற்றது. தார்ச்சாலைக்கான தாழ்ந்த கார் வேண்டாம், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கிட்டின் விலையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ரிமோட், ரிசீவர், சர்வோ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி சில பெட்டிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பெட்டியின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். எல்லாம் சேர்த்தால் தயார் வண்டியைவிடக் கூடத்தான் ஆகலாம். கையில் தாங்காது என்றால் தயார் வண்டியே வாங்கிவரட்டும். ஆனால் ஓட்டுவதற்கு முன் முதல் நாள் ராத்திரி அப்பாவும் மகனும் உட்கார்ந்து அதன் கியர் மூடியையாவது கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது, எதற்கு என்ன பெயர் என்று பார்த்துவிட வேண்டும்.

சக்கர அச்சைத் தாங்கப் பிளாஸ்டிக் புஷ் என்கிற வளையம் வந்தால், அந்த அளவுக்குப் பால் பேரிங் சேர்த்து வாங்கிப் பூட்டும்போதே போட்டுவிடுங்கள். ஆற்றுமணல் புஷ்ஷை ஒரே கோடையில் தின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அச்சில் சுற்றியிருக்கும் வைக்கோலை எடுக்க வேண்டும், மறக்காமல்.

பேட்டரி, முதல் வண்டிக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடே போதும். லிபோ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கினால் அதைப் பெட்டியோடு லக்கேஜில் போடவே கூடாது. கையோடு கேபினுக்குள் எடுத்துவர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. சார்ஜரின் பிளக் அங்கே சதுரக் கால், இங்கே உருண்டைக் கால். மாற்றிக்கொள்ள ஒரு சின்ன அடாப்டர் போதும், மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான்.

சாயம் மட்டும் அங்கே வாங்க வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் பாடிக்கு அடிக்கிற சாயம் ஸ்ப்ரே டப்பாவில் வரும், விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். இங்கே தருவித்துக்கொள்ளுங்கள். அது வந்து சேர்வதற்குள் உங்கள் கணவர் கிளம்பியிருப்பார். பரவாயில்லை, வண்டி சாயம் இல்லாத கண்ணாடிப் பாடியோடு களத்தில் ஓடட்டும், உள்ளே அவர்கள் பூட்டிய ஒவ்வொரு பாகமும் வெளியே தெரியும். சாயத்தைப் பாடியின் உட்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும், அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. வெளிப்பக்கத்துப் பாதுகாப்புத் தாளைக் கடைசியில் உரித்தால் போதும். அந்த வேலை முழுவதும் மகனுடையது. எந்த நிறம் என்று அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லாமல், தாளை உரிக்கும்போது வீடியோ காலில் கூப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்.