சுத்திகரித்த கழிவுநீரை எங்கே விடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சுமார் 50,000 பேர் வாழும் எங்கள் நகராட்சியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் முடியும் நிலையில் உள்ளது. சுத்திகரித்த நீரைப் பக்கத்து ஓடையில் விட்டுவிடுவதே மலிவு என்கிறார்கள். சரிதானா?

பதில்: மலிவு என்பது உண்மை, குழாயும் பம்பும் அதிகம் தேவைப்படாது. ஆனால் முதலில் அளவைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்குவதும், அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்புவதும் வடிவமைப்பில் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அதன்படி உங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் 54 லட்சம் லிட்டர் வெளிவரும். ஓடையில் ஏற்கெனவே ஓடும் நீர் இதை நீர்க்கச் செய்துவிடும் என்பது எப்போதும் நீரோடும் ஆறுகளுக்குப் பொருந்தும் வாதம். நம் ஓடைகள் ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடப்பதால், நீங்கள் விடும் நீரே அங்கு ஓடையாகிவிடும். தரத்தைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (பி.ஓ.டி.; நீரில் எஞ்சியிருக்கும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு, குறைந்தால் நீர் சுத்தம்) லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை அனுமதித்தது, 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆகக் குறைக்கச் சொன்னது. உங்கள் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்காத ஊர்களே அதிகம் என்பது என் அனுபவம்.

கேள்வி: அந்த நீர் முழுவதையும் விவசாயிகளாகிய எங்களுக்கே கொடுத்துவிடலாமே. எவ்வளவு நிலத்துக்குப் போதும்?

பதில்: கோடையில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரை இழுப்பதாகக் கொண்டால், ஒரு ஹெக்டேருக்கு 50,000 லிட்டர் வேண்டும். மேலே சொன்ன 54 லட்சம் லிட்டர் 108 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 270 ஏக்கருக்குச் சரியாக இருக்கும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மழை பெய்யும்போது வயலுக்கு நீர் வேண்டாம், ஊரோ கழிவுநீரை நிறுத்துவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் 60 நாள்களுக்கு மட்டும் தேக்கிவைக்க, 3 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 27 ஏக்கர் குளம் வேண்டும். பாசனத் திட்டம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 27 ஏக்கரைப் பேசுவதில்லை. நிலம் கிடைக்காத ஊரில் மழைக்காலத்து நீர் கடைசியில் ஓடைக்குத்தான் போகும், ஆகவே ஓடைக்குரிய தரத்தையும் எட்டியே ஆக வேண்டும்.

பயிர்த் தேர்வில் கம்பு நேப்பியர் போன்ற தீவனப்புல், தென்னை, மரப்பயிர்கள் ஆகியவை பாதுகாப்பானவை. பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் கீரைக்கும் வேண்டாம். குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பாசன நீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. வயலில் வெறுங்காலுடன் இறங்குபவர் நீங்கள் என்பதால் அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஊர் ஏரி வறண்டு கிடக்கிறது. அதை நிரப்பினால் நிலத்தடி நீரும் உயருமல்லவா?

பதில்: உயரும். பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு நீர் அனுப்புகிறார்கள். வறண்ட ஏரிகள் நிரம்பின. ஆனால் அது இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு (நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவைச் சிதைக்கும் கட்டம்) மட்டுமே பெற்ற நீர் என்பதால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாதாரண நிலையம் கரிமப் பொருளை நீக்குகிறது; பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் போதுமான அளவு நீக்குவதற்குத் தனி அமைப்பு வேண்டும். பாஸ்பரஸ் ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும்; நைட்ரஜன் நைட்ரேட்டாகிக் கிணறுகளுக்குள் இறங்கும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். எனவே சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரைத் திட்டம் தொடங்கும் முன்பே பரிசோதித்துப் பதிவு செய்யாத நகராட்சி, பின்னால் எதையும் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றில் நேராக இறக்கிவிட்டால்?

பதில்: கூடாது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் இறக்குகிறார்கள் என்று உதாரணம் காட்டுவார்கள். அங்கு நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பையும் பிரிப்பது), புற ஊதா ஒளி ஆகிய மூன்றையும் கடந்த பின்பே நீர் நிலத்துக்குள் செல்கிறது. சாதாரண நிலையத்தில் இவை இருப்பதில்லை.

கேள்வி: ஆவியாக்கும் குட்டை வெட்டினால் யாருக்கும் தொல்லை இல்லையே?

பதில்: ஆண்டுக்கு ஆவியாவதிலிருந்து மழையைக் கழித்தால் நிகரமாக ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் நீருக்கு 440 ஏக்கர் வேண்டும். அவ்வளவு நிலம் இருந்தால் அதில் புல்லே வளர்க்கலாம்.

கேள்வி: சென்னையைப் போலத் தொழிற்சாலைகளுக்கு விற்க முடியுமா?

பதில்: கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் எதிர்ச் சவ்வூடுபரவலோடு தொடங்கப்பட்டன. குழாயின் மறுமுனையில் மணலி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்பேட்டைகள் காத்திருந்தன. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒரு வாடிக்கையாளர் உண்டா என்பதே கேள்வி. அனல்மின் நிலையம் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால், 2016-ஆம் ஆண்டு மின்கட்டணக் கொள்கைப்படி அது இந்நீரைப் பயன்படுத்தக் கடமைப்பட்டது; உடனே எழுதிக் கேளுங்கள். நூற்பாலையோ சிமெண்ட் ஆலையோ மட்டும் இருந்தால், குளிரூட்டும் கோபுரத்துக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு எடுப்பார்கள், விடுமுறை நாள்களில் எங்கே விடுவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வையுங்கள். உப்பை மறக்க வேண்டாம்: ஊர்க் குடிநீரிலேயே உப்பு கூடுதலாக இருந்தால் வழக்கமான சுத்திகரிப்பு அதைத் துளியும் குறைக்காது, சவ்வு வைத்துக் குறைத்தாலோ, பிரிந்து வரும் உப்புக் கழிவுநீரை விட இன்னோர் இடம் தேட வேண்டியிருக்கும்.