வாட்ஸ்அப் செய்தியில் இரட்டை அம்புக்குறி எதற்கு?

ஒரு செய்தி குறைந்தது ஐந்து கை மாறி உங்களிடம் வந்திருக்கிறது என்பதே இரட்டை அம்புக்குறியின் பொருள். அதற்குக் குறைவாக ஃபார்வர்டு ஆனதில் ஒற்றை அம்புதான் இருக்கும். ஐந்து பேருக்கு அனுப்பியதை அது எண்ணுவதில்லை. அ அனுப்பி, ஆ அனுப்பி, இ அனுப்பி என்று நீளும் சங்கிலியைத்தான் எண்ணுகிறது.

வாட்ஸ்அப் நிறுவனத்தால் செய்தியைப் படிக்க முடியாதே, பிறகு எப்படி எண்ணுகிறது? ஒட்டிய கடித உறையை வாங்குகிறவர் ஒவ்வொருவரும் மேலே ஒரு கோடு போட்டு அடுத்தவருக்குத் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உறையைப் பிரிக்காமலே எத்தனை கை மாறியது என்று தெரியும். இங்கே கோடு போடுவது உங்கள் போன். ஆனால் உறைமேல் உள்ள கோடு போல அது வெளியே தெரியாது. அந்த எண்ணிக்கையும் செய்தியோடு சேர்ந்தே மறையாக்கம் ஆகிறது, அதாவது நிறுவனத்தால் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது.

வதந்தியால் கும்பல் கொலைகள் நடந்த 2018இல், இந்தியாவில் ஒரு முறைக்கு ஐந்து அரட்டைகளுக்கு (சாட்) மட்டுமே ஃபார்வர்டு செய்யலாம் என்ற வரம்பு வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், இரட்டை அம்புச் செய்திக்கு ஒரு முறைக்கு ஒரே அரட்டை என்று இறுக்கினார்கள். வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். ஆனால் அந்த ஒரு அரட்டை ஆயிரம் பேர் உள்ள குழுவாகவும் இருக்கலாம்! தவிர, வாசகத்தை நகலெடுத்து ஒட்டினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். பெரிய ஓட்டை இதுதான்.

இரட்டை அம்பு இருந்தால் பொய், இல்லாவிட்டால் உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குறி பயண தூரத்தை மட்டுமே சொல்கிறது, உள்ளடக்கத்தை யாரும் சரிபார்த்ததாகச் சொல்லவில்லை.