நுவரெலியாப் பக்கம் குடிவருகிறேன். குளிர்காலத்திற்கு வீட்டை எவ்வாறு தயார்படுத்துவது?

மட்டக்களப்பிலிருந்து ஆசிரியர் இடமாற்றம் பெற்று, வரும் ஜனவரியில் கந்தப்பளைப் பக்கம் தகரக் கூரை போட்ட பழைய வீடொன்றில் குடியேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். "குழாய்களிலுள்ள தண்ணீரை வடித்துவிடு, கதவு ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிடு" என்று கனடாவிலுள்ள உங்கள் அண்ணன் அனுப்பிய பட்டியல் இங்கும் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்து லயன் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) ஒன்றில் பிறந்து, இப்போது அதே தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் கட்டிய வீட்டில் இருப்பவன் என்பதால், அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

குழாயைப் பற்றிய கவலை வேண்டாம். கனடாவில் வாரக்கணக்கில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடுவதால் குழாய் வெடிக்கும். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். 100 மீற்றர் ஏறினால் சுமார் 0.65 பாகை குறையும் என்று கணக்கிட்டால், கொழும்பின் 27 பாகை இங்கே 15, 16 ஆகிறது. உறைபனி விழுவது பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், முகில் இல்லாத, காற்றசையாத இரவுகளில் மட்டுந்தான். அதுவும் பள்ளமான இடத்துப் புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் விடியற்காலையில் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துவிடும். கருகிய கொழுந்துதான் மிஞ்சும்.

இடுக்குகளை அடைக்கும் விடயத்தில்தான் நான் உங்கள் அண்ணனோடு முரண்படுகிறேன். இங்கே வீட்டைக் கெடுப்பது குளிரைவிட ஈரலிப்புத்தான். இரவில் தகரம் சட்டென்று குளிர்ந்துவிட, சமையல் ஆவியும் நம்முடைய மூச்சும் மேலே போய் அதன் அடிப்பக்கத்தில் துளித்துளியாகக் கோத்து நிற்கும். இதை நாங்கள் "தகரம் வேர்க்குது" என்போம். நான் படிக்கிற காலத்தில், மழையே பெய்யாத இரவில் கொப்பியின் மேல் சொட்டு விழுந்து மை பரவும். அம்மா நீளத் தடியின் நுனியில் பழந்துணியைக் கட்டிக் கூரையைத் துடைத்துவிட்டுத்தான் பாயை விரிப்பார். தகரத்துக்குக் கீழே சீலிங் இல்லாத வீடென்றால், வீட்டுக்காரரிடம் முதலில் அதைத்தான் கேளுங்கள். சீலிங் அடித்தாலும் கூரை விளிம்பில் காற்றுப் போக வழி விட்டுத்தான் அடிக்க வேண்டும். கதவின் கீழ் இடுக்கைச் சாக்கைச் சுருட்டி அடைக்கலாம். ஆனால் மேலேயுள்ள காற்றுத் துவாரங்களில் கைவைக்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்த ஒரு ஜனவரி இரவில், பிள்ளைக்குக் குளிருமே என்று தகரச் சட்டியில் கரி நெருப்பை எடுத்து அறைக்குள் வைத்து, இருந்த ஓட்டைகளையெல்லாம் பேப்பர் திணித்து அடைத்துவிட்டேன். நள்ளிரவில் மனைவி தலை வெடிக்கிறது என்று எழுந்தவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த அப்பாயி ஒன்றும் கேட்கவில்லை. சட்டியைத் தூக்கி முற்றத்தில் வீசிவிட்டுக் கதவைத் திறந்து போட்டார். கரி நெருப்பிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அறைக்குள் நெருப்பு வேண்டவே வேண்டாம். இரண்டு கம்பளியும் ஒரு சுடுநீர்ப் பையும் போதும்.

இனிக் கூரையும் கானும் (தண்ணீர் வடியும் வாய்க்காலும்). கந்தப்பளை, இராகலைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழையும் தப்பாது. ஆகவே நீங்கள் குடிவருவதற்குள் கூரை ஒரு சோதனையைக் கண்டிருக்கும். டிசம்பர் விடுமுறையில், முடிந்தால் மழை நாளாகப் பார்த்து, ஒரு தடவை வந்து போங்கள். வெயிலில் பார்க்கிற வீடு ஒன்றையும் சொல்லாது. ஆணி அடித்த இடங்களைச் சுற்றித் துரு ஏறியிருக்கிறதா, தகரம் காற்றில் படபடக்கிறதா என்று பாருங்கள். கல்லையும் மணல் மூட்டையையும் கூரையில் ஏற்றி வைத்திருந்தால், தகரம் வளையோடு (கூரை மரத்தோடு) சரியாகப் பிணைக்கப்படவில்லை என்றுதான் பொருள். வளைகம்பியும் இறப்பர் வாஷரும் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்திருக்கும் யூகலிப்டஸ் இலையை அள்ளிப் போடுவதற்கு அரைமணி நேரம் ஆகும்.

வீட்டின் பின்னால் மண்மேடு இருந்தால், அதன் அடியிலுள்ள கான் மண்ணேறாமல் திறந்திருக்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை இந்த மலைகளில் யாரும் மறக்கவில்லை. மேட்டில் புதிதாக வெடிப்பு விட்டாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, கானில் திடீரெனச் சேற்றுத் தண்ணீர் வந்தாலோ காத்திருக்காமல் வெளியேறுங்கள். மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். அதைக் கவனித்து வாருங்கள்.

உள்ளே செய்ய வேண்டியவை சிறியவை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதன் மேல் பளபளப்பான பெயின்ற் பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காது, பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். என் மனைவியின் கூறைப்புடவை சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரிக்குள் ஒரே பருவத்தில் சாம்பல் பூத்துப் போனது. அந்தப் பேச்சு இன்றுவரை எங்கள் வீட்டில் ஓயவில்லை. உப்புச் சாடிக்கும் தீப்பெட்டிக்கும் அடுப்பின் ஓரந்தான் இடம்.

விறகடுப்பு என்றால் பெப்ரவரி, மார்ச் வெயிலில் அடுத்த வருடத்துக்கானதை வாங்கி உலர்த்தி, மழைபடாத இஸ்தோப்பில் (விறாந்தையில்) அடுக்கி வைக்க வேண்டும். இந்த ஜனவரிக்கு அது கைகூடாது. டிசம்பரில் வரும்போதே பக்கத்து லயனில் யாரிடமாவது சொல்லி வைத்தால், உலர்ந்த கவ்வாத்து மிளாறு (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது வெட்டிய கிளைகள்) ஒரு மாதத்துக்குக் கிடைக்கும். விலையை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.