ரெஜிபோம் அச்சில் கோடு தெரியாமல் நீலமாய் அப்பினால்

டீச்சர், பிள்ளையள் ரெஜிபோமில (மீன்பெட்டி மாதிரி வெள்ளை நுரைத்தகட்டில) ஜப்பான் ஓவியர் ஹொக்குசாயின்ர பெரிய அலைப் படத்தைக் கீறி, நீலப் பெயின்ற் பூசிக் கடதாசியில அச்செடுத்தால் கோடு தெரியேல்லை, அலையும் மற்றப்பக்கம் திரும்புது எண்டு கேட்டிருந்தியள். பெயின்றில தண்ணி கூடிப்போச்சு, கோடெல்லாம் நிரம்பி அப்புறது அதாலதான். போஸ்டர் கலரைத் தண்ணி விடாமல் தட்டில பரப்பி, தூரிகையை விட்டிட்டு ஸ்பொஞ்ச் துண்டால ஒற்றுங்கோ.

வன்னி வெயிலுக்குக் காய்ஞ்சிடும் எண்டு பயந்துதான் தண்ணி விட்டிருப்பியள். அதுக்குக் கடதாசியின்ர பின்பக்கத்தை ஈரத்துணியால ஒருக்காத் துடைச்சாக் காணும்.

கடதாசி வைக்கமுதல் அச்சை யன்னல் பக்கம் சரிச்சுப் பாருங்கோ. கீறின கோட்டுக்குள்ள ஈரம் மினுங்கினால் பெயின்ற் இறங்கீட்டுது. பழைய பேப்பரால ஒருக்கா ஒற்றி எடுங்கோ.

அலை மற்றப்பக்கம் திரும்புறது பிழையில்லை, அச்சு அப்பிடித்தான் விழும். ஹொக்குசாய் 1831 அளவில செய்ததும் மரக்கட்டை அச்சுத்தான். அதில பெரிய அலை இடப்பக்கம் எழும்பும், பூஜி மலை தூரத்தில சின்னனாய்த் தெரியும். தரம் 4 பிள்ளையள்தானே, திருப்பிக் கீறச் சொன்னால் குழம்புவினம். படத்தை யன்னல் கண்ணாடியில மறுபக்கமாய் ஒட்டி, நீங்களே பிரதி எடுத்துக் குடுங்கோ.

ஒண்டு: முல்லைத்தீவு மீன்பெட்டி ரெஜிபோம் எண்டால் குறுணி குறுணியாய் உதிரும். அதில அலை நுரையின்ர நகம் மாதிரி நுனியள் வராது, பெரிய கோடுதான். தின்னர் கலந்த பெயின்றும் வேண்டாம், ரெஜிபோம் கரைஞ்சிடும்.