தூங்கிப்போன ஃபிலிம் கேமராவை எழுப்புவது: கேள்வி பதில்

பழைய ஃபிலிம் கேமரா வாங்குவது, அதை மறுபடி ஓடவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோவையில் என் மேசைமேல் இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வேலைதான் நடக்கிறது. கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்காமலே சொல்லக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து: பழைய சாமான் கடையில் யாஷிகா எலக்ட்ரோ 35 ஒன்று பார்த்தேன். கடைக்காரர் "நல்லா ஓடுது" என்று கிளிக் அடித்துக் காட்டினார். பேட்டரி இல்லை. நம்பி வாங்கலாமா?

அந்தக் கிளிக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1966-இல் வந்த இந்த கேமராவில் ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சத்தை விட்டு மூடும் கதவு) எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சுற்றுதான் முடிவு செய்கிறது. பேட்டரி இல்லாவிட்டால் எப்போதும் 1/500 நொடியில் அடிக்கும். மின்சுற்று செத்துப்போன கேமராவும் அப்படித்தான் கிளிக் அடிக்கும்.

காதைக் கிட்டே வைத்து, ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இழுங்கள். இழுப்பு முடியும் இடத்தில் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். பொத்தானோடு சேர்ந்த கம்பி தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம் அது. அந்த இடத்தில் ஒரு சின்ன ரப்பர் பேட் உண்டு. ஐம்பது வருடத்தில் அது பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். 'டொக்' வரவில்லை என்றால் பேட் போய்விட்டது, ஷட்டர் நேரம் தாறுமாறாக இருக்கும். சரிசெய்யலாம், ஆனால் கேமராவைப் பிரிக்க வேண்டிய வேலை. விலையை அதற்கேற்ப குறைத்துக் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி ஒன்று எடுத்துப் போங்கள். இந்த கேமராவுக்கு முதலில் இருந்தது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி, இப்போது கிடைக்காது. புதியது அதைவிட ஒல்லி, குட்டை. காகிதத்தில் சுற்றி உள்ளே இறக்கி, மிச்ச இடைவெளியில் அலுமினியத் தாளை உருட்டி வையுங்கள். வோல்ட் வித்தியாசம் இந்த கேமராவைப் பாதிக்காது. அப்புறம் 'ஆட்டோ'வில் வைத்து, முன்பக்கம் இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் கண்ணை விரலால் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். மஞ்சள் விளக்கு எரிந்து, ஷட்டர் பல நொடிகள் திறந்தே இருக்க வேண்டும். விரலை எடுத்து வெளிச்சத்தைக் காட்டி அழுத்தினால் சட்டென்று மூடவேண்டும். இரண்டும் நடந்தால் மின்சுற்று உயிரோடு இருக்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் பின்மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை.

கடைசியாக வியூஃபைண்டரில் தூரத்து விளக்குக் கம்பம் ஒன்றைப் பார்த்து, லென்ஸை முடிவிலிக்கு (∞ குறிக்கு) திருப்புங்கள். நடுவில் தெரியும் மஞ்சள் கட்டத்துக்குள் கம்பம் இரண்டாகத் தெரியாமல் ஒன்றாகச் சேரவேண்டும்.

கோவைக் கல்லூரி மாணவர் ஒருவர்: இரண்டு பென்டாக்ஸ் கே1000 கிடைக்கிறது அண்ணா. ஒன்று பெயின்ட் உதிர்ந்து மூலையெல்லாம் பித்தளை தெரிகிறது. இன்னொன்று முப்பது வருடமாகப் பெட்டியிலேயே இருந்ததாம், புதிது மாதிரி பளபளக்கிறது. விலை இரட்டிப்பு. எதை எடுக்க?

தம்பி, சோதித்துப் பார்த்து இரண்டும் ஒரே மாதிரி வந்தால் பித்தளை தெரிவதை எடு. தேய்ந்த கேமரா என்றால் யாரோ அதைத் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார்கள், ஓடாமல் போனபோது சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்டியில் இருந்தது ஆடாமல் அசையாமல் இருந்திருக்கிறது. உள்ளே கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும், பற்சக்கரம் இறுகியிருக்கும். என் மேசைக்கு வரும் கேமராக்களில் உழைத்துத் தேய்ந்ததைவிடச் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம். இன்னொன்று, கே1000 1976 முதல் 1997 வரை வந்தது. பிற்காலத்தில் மேல்மூடியைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். பித்தளை தெரிகிறது என்றாலே அது முந்தைய காலத்து உருப்படி.

சோதனை இப்படி. ஷட்டர் ஓட பேட்டரி தேவையில்லை, மீட்டருக்கு மட்டும்தான் எல்ஆர்44. முதலில் 1 நொடியில் வைத்து அடி. 'ஜ்ர்ர்ர்' என்று பற்சக்கரம் ஒரே சீராக ஓடி முடியவேண்டும். நடுவில் இழுத்தாலோ நின்றுபோனாலோ சர்வீஸ் கட்டாயம். அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான வானத்துக்கு நேராகப் பிடித்து 1/1000-இல் அடி. கண்சிமிட்டும் நேரத்தில் முழுக் கட்டமும் வெள்ளையாகத் தெரியவேண்டும். ஒரு ஓரம் கறுப்பாகவே இருந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. பத்துப் பதினைந்து தடவை அடித்துப் பார்க்காமல் முடிவு பண்ணாதே. காய்ந்து கிடந்த ஷட்டர் சில சமயம் நாலைந்து அடியிலேயே இளகி வந்துவிடும்.

வாங்கிய பிறகு எப்போதும் லென்ஸ் மூடியைப் போட்டு வை. கே1000-இல் மீட்டருக்குச் சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து: அப்பாவின் லென்ஸில் பூஞ்சை. வீட்டில் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

அரிசி வேண்டாம். ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, மாவுத்தூசி லென்ஸின் இடுக்குகளில் எல்லாம் போய்ச் சேரும்.

கடற்கரை ஊர்களில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதன் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, ஈரமும் இருட்டும் கிடைத்தால் கண்ணாடிமேல் முளைத்துவிடும். பலரும் பாதுகாப்பு என்று நினைத்து கேமராவைத் தோல் உறையிலேயே பூட்டி வைக்கிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் உறையைக் கழற்றித் தனியே வையுங்கள்.

முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் நீங்களே துடைக்கலாம். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அம்மோனியாவும் சம அளவு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கலக்குங்கள், பிளீச்சிங் சாமான் எதையும் அதன் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். பஞ்சை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுழற்றித் துடைக்க வேண்டும். கண்ணாடிமேல் ஊற்றிவிடாதீர்கள், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

உட்பக்கம் இருந்தால் லென்ஸைப் பிரித்தாக வேண்டும், அதைப் பழகிய கையிடம் கொடுங்கள். துடைத்த பிறகும் கோலம் மாதிரித் தடம் மிச்சமிருந்தால், பூஞ்சை மேற்பூச்சை அரித்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தடம் போகாது. அதற்காக லென்ஸைத் தூக்கிப் போடவேண்டாம். லேசான தடம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளிறும்.

இனிமேல் காற்றுப் புகாத டப்பா, நீல சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் பழைய வாணலி ஒன்றில் மிதமான தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக்கூடாது.

பலர் கேட்டது: ஷட்டர் இறுகியிருக்கிறது, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் துரு நீக்கும் ஸ்பிரேயும்கூட வேண்டாம். ஷட்டர் இலைகள் முழுக்க உலர்ந்திருந்தால்தான் ஓடும். எண்ணெய் பரவினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: பெரியப்பா மாஸ்கோவில் படித்த காலத்தில் வாங்கிய ஜெனிட் இ இருக்கிறது. மீட்டர் முள் அசையவில்லை. பேட்டரி போடும் இடத்தையும் காணவில்லை.

பேட்டரி போடும் இடமே அதில் கிடையாது. மேலே முன்பக்கம் தேன்கூடு மாதிரி இருக்கும் பட்டை செலினியம். வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் எடுத்து முள்ளை நகர்த்தும். வெயிலில் காட்டியும் முள் அசையாவிட்டால் செலினியமோ வயர் இணைப்போ போய்விட்டது. அதை விட்டுவிடுங்கள், செல்போனில் மீட்டர் செயலி போதும். ஜெனிட் இ-யின் மற்ற எதற்கும் மின்சாரம் தேவையில்லை.

முக்கியமான ஒன்று: லீவரை இழுத்த பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். சோவியத் கேமராக்கள் பலவற்றில் இதுதான் முறை. வேகம் 1/30 முதல் 1/500 வரைதான். திரை ரப்பர் பூசிய துணி. லென்ஸைக் கழற்றிவிட்டு, இருட்டு அறையில் முன்பக்கம் டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஊசித்துளை தெரிந்தால் கறுப்புத் துணிப் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் ஒரே பூச்சாகத் தொட்டு வைத்து, ஒரு இரவு காயவிடுங்கள். தடிமனாகப் பூசினால் திரை சுருளும்போது கனத்துச் சிக்கும்.

அதோடு ஹீலியோஸ் 44-2 லென்ஸ் இருந்தால் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் வடிவத்திலிருந்து வந்த 58 மில்லிமீட்டர் லென்ஸ். பின்புலத்தை அது சுழற்றிக் காட்டும் அழகுக்காகவே இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள்.

மதுரையிலிருந்து: என் கேமராவுக்கு 1.35 வோல்ட் மெர்க்குரி பட்டன் செல் வேண்டும். கடையில் 1.5 வோல்ட்தான் தருகிறார்கள்.

காது கேட்கும் கருவி விற்கும் கடைக்குப் போய் 675 எண் பேட்டரி கேளுங்கள். அது 1.4 வோல்ட். சுற்றளவு சிறியது என்பதால் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிலும் போடவேண்டும். ஸ்டிக்கரைப் பிரித்துச் சில நிமிடம் காற்றுப் படவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள், காற்றில்தான் அது உயிர் பெறுகிறது. சில வாரங்களில் தீர்ந்துவிடும், விலையும் குறைவு.

திருச்சியிலிருந்து: பின்மூடியைத் திறந்தால் விரலில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டுகிறது.

ஒளி புகாமல் தடுக்க வைத்த ஃபோம். அந்தக் காலத்து ஜப்பானிய கேமராக்களில் பெரும்பாலும் இப்படி ஆகிவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் பயமில்லாமல் தொடங்கக்கூடிய வேலை இதுதான், என்னிடம் கற்க வருபவர்களுக்கும் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

ஷட்டர் திரைமேல் ஒரு காகிதத் துண்டை வெட்டி வைத்து மூடிக்கொள்ளுங்கள், திரையில் விரலோ திரவமோ படக்கூடாது. பல்குத்தியால் பள்ளத்திலிருக்கும் பிசினை நீளவாக்கில் உருட்டி எடுங்கள். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காதுக்குடையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். ஒரு பத்துக் குச்சியாவது கறுப்பாகும், பதினொன்றாவது வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். பிறகு சுவெட்டர் பின்னும் கறுப்பு உல்லன் நூலைப் பள்ளத்தில் அழுத்தி வைத்தால் போதும், பசைகூட வேண்டாம். கீல் இருக்கும் பக்கம் மட்டும் மெல்லிய கறுப்பு வெல்வெட் பட்டை.

லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில், உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி மேலே வந்து மோதும் இடத்திலும் ஃபோம் இருக்கும். அதைச் சுரண்டும்போது கேமராவைத் தலைகீழாகப் பிடியுங்கள், துகள் கண்ணாடிமேல் விழாது. வியூஃபைண்டர் திரையை மட்டும் எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள்.

மும்பையில் வசிக்கும் ஒருவர்: தங்க முலாம் பூசிய, கழுகு முத்திரை போட்ட பழைய லைக்கா குறைந்த விலைக்குச் சொல்கிறார்கள்.

லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ஃபோகஸைத் தொட்டு உணரும் முனை லைக்காவில் உருளும் சின்னச் சக்கரமாக இருக்கும். ஆப்பு மாதிரி முக்கோண நாக்காக இருந்தால் அது சோவியத் நாட்டு ஃபெட் அல்லது ஜோர்க்கி, முத்திரை பிறகு குத்தியது. ஃபெட் விலைக்குக் கிடைத்தால் வாங்கிப் படம் எடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: பிளாஷோடு வரும் சின்ன ஆட்டோ கேமராவை வீட்டில் பிரிக்கலாமா?

வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பிளாஷின் கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

புதுச்சேரியிலிருந்து: சரிசெய்த கேமராவில் முதல் ரோலை எப்படி எடுப்பது?

அதைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் என்றால் நல்ல வெயிலில் எஃப் 16, 1/250. அங்கிருந்து வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டி, அதற்கேற்ப அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) திறந்து, ஒரே சுவரை எடுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். நடுவில் ஒரு முறை கேமராவைப் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெளிச்சம் எங்காவது புகுந்தால் தெரிந்துவிடும்.

பிரின்ட்டை மட்டும் பார்க்காமல் நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். கறுப்புக் கறை ஓரத்துத் துளைகள் வரை பரவியிருந்தால் பின்மூடி வழியாக வெளிச்சம் புகுந்திருக்கிறது, நூலை மறுபடி வையுங்கள். படத்துக்குள் மட்டும், ஒரே இடத்தில் புள்ளியாகத் திரும்பத் திரும்ப வந்தால் திரையில் துளை. படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் ஃபிலிமை நகர்த்தும் சக்கரத்தில் கோளாறு.

ஊட்டியிலிருந்து: அப்பா எச்.பி.எஃப்-இல் (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில்) வேலை பார்த்தவர். அவர் கேமராவில் எத்தனை படம் எடுத்தது என்று காட்டும் எண் 22-இல் நிற்கிறது. உள்ளே ரோல் இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா அதைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறார்.

அம்மா சொல்வதுதான் சரி, திறக்காதீர்கள். இடது பக்க மேல் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். தளர்வாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் ரோல் இல்லை. சற்றுத் திரும்பி இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. இறுகியதும் நிறுத்திவிடுங்கள். பழைய ஃபிலிம் உடையும், வேகமாகச் சுற்றினால் உள்ளேயே தீப்பொறி மாதிரி மின்னிப் படத்தில் கோடு விழும்.

1960-இல் உங்கள் ஊரில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து கறுப்பு வெள்ளை ரோலாக இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. கலர் சாயம் போல அது சீக்கிரம் கெடாது. எச்.சி-110 டெவலப்பர் (ஃபிலிமைக் கழுவும் மருந்து) பழைய ஃபிலிமின் மங்கலைக் கொஞ்சம் அடக்கும். இருட்டில் ரோலின் தொடக்கத்தில் ஒரு சாண் நீளம் வெட்டி அதை மட்டும் முதலில் கழுவிப் பார்ப்பேன். விளிம்பில் தொழிற்சாலையிலேயே பதித்த எண்கள் எழுந்து வந்தால், டெவலப்பர் வேலை செய்கிறது, மருந்துப் பூச்சும் பிழைத்திருக்கிறது. அதன் அடர்த்தியைப் பார்த்து மிச்சத்துக்கு நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

கூரியரில் அனுப்பவேண்டாம். கேமராவை அப்படியே துணியில் சுற்றி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலை பஸ்ஸில் கோவைக்கு வாருங்கள். முந்தின நாள் சொன்னால் டெவலப்பர் கலக்கி வைத்திருப்பேன்.