டெமாக்ரட் ஊரா ட்ரம்ப் ஊரா? ஸ்டார் கவுண்டி கணக்கு

கேள்வி: சார், எங்க வீட்டுக்காரருக்கு டெக்சாஸ்ல ரியோ கிராண்டே சிட்டில ஆஸ்பத்திரி வேலை கிடைச்சிருக்கு, விசாலதான் போறோம். அந்த ஊர் இருக்கற ஸ்டார் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நூறு வருஷத்துக்கு மேல டெமாக்ரட் கோட்டைன்னு ஒரு இடத்துல படிச்சேன், இன்னொரு இடத்துல ட்ரம்ப் ஊருன்னு போட்டிருக்கான். எதை நம்பறது? போற ஊரோட அரசியலை எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?

பதில்: ரெண்டுமே உண்மைதாம்மா. 1892க்கு அப்புறம் அங்க ஒரு ரிபப்ளிகன் (ட்ரம்ப் கட்சி) ஜனாதிபதி வேட்பாளர் லீட் எடுத்தது 2024லதான். 2012ல ஒபாமாவுக்கு 86 சதவீதம் அள்ளிக் குடுத்த ஊரு, 2024ல ட்ரம்புக்கு கிட்டத்தட்ட 58 குடுத்திருச்சு. டிவிக்காரன் இதோட கடையை மூடிடுவான். நீங்க சதவீதத்தை ஓரமா வச்சிட்டு தலைய எண்ணுங்க, கதையே வேற மாதிரி தெரியும்.

2016ல ஹிலரிக்கு 9,289 ஓட்டு, ட்ரம்புக்கு 2,224. 2020ல பைடனுக்கு 9,123, ட்ரம்புக்கு 8,247. அதாவது டெமாக்ரட் பக்கம் குறைஞ்சது வெறும் 166, இந்தப் பக்கம் ஏறினது ஆறாயிரம்! கட்சி மாறினவங்களும் இருப்பாங்கதான், ஆனா கூட்டிக் கழிச்சுப் பாத்தா முன்னாடி வீட்ல உக்காந்திருந்த ஆளுங்க பூத்துக்கு வந்த கணக்குதான் இது. 2024 அப்படியில்ல. ட்ரம்புக்கு சுமார் 1,200 கூடுச்சு, டெமாக்ரட் வேட்பாளர் ஹாரிஸுக்கு 2020 பைடன் ஓட்டை விட 2,200க்கு மேல குறைஞ்சுது, மொத்த ஓட்டே ஆயிரம் கிட்ட இறங்கிடுச்சு, அப்போ இந்தத் தடவை வீட்ல உக்காந்தது டெமாக்ரட் பக்கம்னுதான் எனக்குப் படுது. டிவி மேப்புல ரெண்டு தடவையும் சிவப்பு, அதாவது ரிபப்ளிகன் கலரு, ஏறின மாதிரிதான் தெரியும், ஆனா நடந்தது ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு பாதிப் பேருக்குத் தெரியாது. டெக்சாஸ்ல 2018 வரைக்கும் கட்சி பேருக்கு நேரா ஒரே ஒரு டிக் போட்டா மேலேருந்து கீழ வரைக்கும் எல்லா பதவிக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு விழுந்துரும். 2020லேருந்து அதை எடுத்துட்டாங்க. இப்போ ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியா போடணும், மேல ட்ரம்ப், கீழ நமக்குத் தெரிஞ்ச டெமாக்ரட் ஆளுன்னு பிரிச்சுப் போடறதுக்குக் கை பழகிடுச்சு.

ஏன் மாறுச்சுன்னா, பிழைப்பைப் பாருங்க. சுமார் 66,000 பேர் இருக்கற ஊரு, நூத்துக்கு 97 பேருக்கு மேல ஹிஸ்பானிக், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி. ஏழை கவுண்டி. ஆம்பளைங்க எண்ணெய் வயலுக்கு வாரக்கணக்குல போய்ட்டு வருவாங்க, உள்ளூர்லயே நிலையான சம்பளம், பென்ஷன் எல்லாம் வேணும்னா பார்டர் பேட்ரோல், அதாவது எல்லைக் காவல் படை யூனிஃபார்ம்தான். மெக்சிகோ வம்சாவளி ஆச்சே, குடியேற்றத்துல கெடுபிடி பண்ற ஆளுக்கு எப்படி ஓட்டுப் போடுவாங்கன்னு வெளியூர்க்காரன் கேப்பான். இவங்க மச்சானே அந்த யூனிஃபார்ம்லதான் இருக்கான், அது அந்த வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அதுக்கு மேல விலைவாசி. இதுல கூத்து என்னன்னா, 2023 அக்டோபர்ல அந்தக் கவுண்டில எல்லைச் சுவர் கட்டறதுக்காக 26 ஃபெடரல் சட்டத்தை ஒதுக்கி வச்சது பைடன் அரசாங்கம்தான்.

ஊருக்குள்ள நடக்கற அரசியல் தனி ரகம். டெக்சாஸ்ல வாக்காளர் பதிவுல கட்சிப் பேரே கிடையாது, மார்ச் மாச பிரைமரில (கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முதல் கட்டத் தேர்தல்) எந்தக் கட்சிச் சீட்டு கேக்கறீங்களோ அதுதான். ஸ்டார்ல ஷெரிஃப் யாரு, கவுண்டி ஜட்ஜ் யாருங்கறதெல்லாம் ரொம்ப காலமா டெமாக்ரட் பிரைமரிலயே முடிவாகிடும், அதனால அங்க போய் ஓட்டுப் போட்டவங்க எல்லாம் கொள்கைப் பிடிப்புள்ள டெமாக்ரட்னு நினைச்சுராதீங்க. (கவுண்டி ஜட்ஜ்னா கோர்ட்ல உக்காந்திருக்கற ஆளு மட்டும்னு நினைக்காதீங்க, நாலு கமிஷனர்களோட சேந்து பட்ஜெட், ரோடு எல்லாம் பாக்கற தலைவரு அவருதான்.) நூறு வருஷத்துக்கு முன்னாடி ஜனங்க அங்க கட்சிப் பேரச் சொல்லாம நீலம், சிவப்புன்னுதான் சொல்வாங்களாம், சிவப்புன்னா டெமாக்ரட், நீலம்னா ரிபப்ளிகன், இப்போ டிவி மேப்புல வர்றதுக்கு நேர் எதிர்! அன்னிக்கு சிவப்புக்குப் பெரிய தலை மானுவல் கெர்ரா. கடன் குடுக்கறதும் வேலை குடுக்கறதும் ஓட்டு வாங்கறதும் ஒரே கைல இருந்த காலம் அது. இன்னிக்கும் சொந்தம், பந்தம், பழைய நன்றி எல்லாம் ஓட்டுல கலந்துதான் இருக்கு.

தேர்தல் சீசன்ல போய்ப் பாருங்க, பச்சாங்கான்னு ஒண்ணு வைப்பாங்க. மரத்தடில கிரில் புகையும், பஹீட்டா கறி, பீன்ஸ், பாட்டு, வேட்பாளர் ஒவ்வொரு டேபிளா வந்து கை குடுப்பாரு. பொலிட்டிகேரான்னு சில அம்மாக்கள் இருப்பாங்க, காசு வாங்கிட்டு வீடு வீடா சீட்டு குடுத்து, வயசானவங்களை வேன்ல பூத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதான் அவங்க தொழில். எந்தத் தெரு எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரியற அளவுக்கு எங்க எக்செல் ஷீட்டுக்குத் தெரியாது.

நீங்களா தேடணும்னா டெக்சாஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் சைட்ல கவுண்டிவாரியா ரிசல்ட் இருக்கு. ஜனாதிபதி ஓட்டை மட்டும் பாக்காம, அதே நாள்ல கீழ் பதவிகளுக்கு விழுந்ததையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, மூணு நாலு தேர்தலுக்காவது. கவுண்டி தேர்தல் ஆபீஸ்ல கேட்டா பூத் வாரியாவே கிடைக்கும்.

முக்கியமானது ஒண்ணு. விசாலயோ கிரீன் கார்டுலயோ இருக்கறவங்களுக்கு அங்க ஓட்டு கிடையாது. டிரைவர் லைசன்ஸ் ஃபார்ம்ல வாக்காளரா பதியணுமான்னு ஒரு கேள்வி வரும், அவசரத்துல எஸ்னு போட்டுராதீங்க, பின்னாடி குடியுரிமை வரைக்கும் இழுத்து விட்ரும். பச்சாங்காவுக்குக் கூப்பிட்டா மட்டும் தாராளமா போய்ட்டு வாங்க, அங்க தட்டு நீட்டறதுக்கு சிட்டிசன்ஷிப் கேக்க மாட்டாங்க.