4,29,49,67,297 பகா எண்ணா? இல்லையெனில் அதை எப்படி நிறுவுவது?

பகா எண் அன்று; அதன் காரணிகள் 641, 67,00,417 ஆகிய இரு பகா எண்கள். 2இன் 32ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் கிடைக்கும் இந்த எண்ணைப் பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். இதே வகையில் இதற்கு முன், 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளுடன் 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததால் அந்த நம்பிக்கை இயல்பானதே. 1732இல் ஆய்லர் என்ற கணித மேதை அதைத் தகர்த்தார்.

இதன் பகாக் காரணி எதுவாயினும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். ஆகவே 193, 257, 449, 577 ஆகியவற்றைச் சோதித்த பின், ஐந்தாவது முயற்சியிலேயே 641 அகப்பட்டுவிடும்.

நீண்ட வகுத்தல் இல்லாமலும் இதை நிறுவலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். 641 என்பது 5 × 128 + 1. அது 625 + 16ஆகவும் அமைகிறது. முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ இன் மீதி 1 ஆகிறது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ இன் மீதி −2⁴ என்பதால், அதை அங்கே இட்டால் −2³² இன் மீதி 1 என்றாகி, 2³² + 1 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடுகிறது.

இன்னோர் அழகான சான்றும் உண்டு. இந்த எண் 65536² + 1² ஆகவும், 62264² + 20449² ஆகவும் அமைகிறது. எந்தப் பகா எண்ணையும் இப்படி இரு வேறு விதங்களில் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது.